எந்திரத்துக்குப் பேசக் கற்றுக் கொடுத்த அம்மையார்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதைக்கு ஏற்கெனவே முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சிரித்தார். சரி, ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வரலாறு. ஆனால் அவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் வீடு ஆம்பூர் பக்கம். அப்பாவுக்கு டேனரியில் தோலை ரகம் பிரிக்கும் வேலை. வெளிச்சத்தில் தோலை விரித்து, கையால் ஒருமுறை தடவினால் போதும், கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எங்கே என்று சொல்லிவிடுவார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கம்ப்யூட்டர் டிப்ளமோவில் சேர்ந்தபோது தெருவில் பாதிப் பேர் வாழ்த்தினார்கள். மீதிப் பேர், எதுக்கு இவ்ளோ செலவு, கம்பெனிக்கு அனுப்பினா மாசம் பொறந்தா சம்பளம் வருமே என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஃபீஸ் மட்டும் கட்டினாங்க.

அப்பாவின் வேலையையே புராஜெக்டாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. தோலை செல்போனில் படம் எடுத்தால், ஓட்டையும் கீறலும் உள்ள இடங்களில் கம்ப்யூட்டர் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கினேன். படத்தை அலசிப் பார்க்க ஒரு பேக்கேஜ் தேவைப்பட்டது.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். பேக்கேஜ் என்பது யாரோ எழுதி வைத்துள்ள, நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நிரல் கட்டு. பேக்கேஜ் மேனேஜர் என்பது அதை இன்டர்நெட்டில் தேடி, அதற்குத் துணையாக வேண்டிய மற்றக் கட்டுகளையும் சேர்த்துக் கொண்டுவந்து, நம் கம்ப்யூட்டரில் பொருத்தித் தரும் கருவி. ஒரு வரி அடித்தால் போதும், எல்லாம் தானாக நடக்கும்.

எனக்கு நடக்கவில்லை. சிவப்பு எழுத்தில் இரண்டு வரி வந்தது. நான் கேட்டதற்குப் பொருத்தமான பதிப்பு எதுவும் இல்லையாம். இருக்கிற பதிப்புகள் எவை என்ற இடத்தில், ஒன்றும் இல்லை என்று போட்டிருந்தது. ஆனால் அந்தப் பேக்கேஜை வைத்துத்தான் பக்கத்து பெஞ்சுக்காரன் போன வாரம் டெமோ காட்டினான்! எழுத்துப் பிழையா என்று இருபது தடவை பார்த்தேன். அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். செல்போன் டேட்டா தீர்ந்தது. மூன்று ராத்திரி போனது. மறுநாள் காலையில் ரிவ்யூ.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எந்திரம் தப்பே செய்யாது. இங்கிலீஷில் ஏதோ சொல்கிறது. நமக்குத்தான் புரியவில்லை. இந்தப் படிப்பு நமக்கு லாயக்கில்லை. நாளைக்கே அம்மாவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான். இப்படி எல்லாம் நினைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அம்மா, இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்படி கீது என்று கேட்டாங்க. சொன்னேன். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தப்பு எங்க இருக்குதுன்னு இது காட்டலியா என்று கேட்டாங்க. கம்பெனியில் செக்கிங்கில் ஒரு அப்பர் ரிஜெக்ட் ஆனால், தையல் விட்டுப்போன இடத்திலேயே சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தான் திருப்பி அனுப்புவாங்களாம். ஸ்டிக்கர் இல்லாமல் சும்மா திருப்பினால் யாரால் சரி செய்ய முடியும் என்று கேட்டாங்க.

அந்தக் கேள்வி என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் லேபில் எங்கள் சார் பார்த்தார். இரண்டே நிமிடம். என்னிடம் இருந்தது புதிய பைத்தான். அந்தப் பேக்கேஜ் அதற்கு முந்தைய பைத்தான்களுக்கு மட்டுமே தயாராகி இருந்தது. அதாவது பேக்கேஜ் இருக்கிறது, என் பைத்தானுக்கு ஏற்றது மட்டும் இல்லை. இதை இப்படியே சொல்லியிருந்தால் நான் மூன்று ராத்திரி அழுதிருக்க வேண்டாமே சார் என்றேன். சார் சிரித்துவிட்டு, எந்திரம் மனுஷனுக்குப் புரியற மாதிரி பேசணும்னு உனக்கு முன்னாடியே ஒரு அம்மா சண்டை போட்டிருக்காங்க, போய்ப் படி என்றார். படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கிரேஸ் 1906 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினாராம். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைக் கழற்றினார். இப்படி வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தபோதுதான் அவர் அம்மா கண்டுபிடித்தார். அடி விழவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரிக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள்.

அவர்கள் வசதியான குடும்பம் என்பதை மறைக்கக் கூடாது. அப்பா இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். நோயினால் இரண்டு கால்களையும் இழந்தவர். தான் இல்லாமல் போனாலும் பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று, மகனைப் போலவே மகள்களையும் படிக்க வைத்தார். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மா கட்டிய ஃபீஸ் ரசீதுகள் ஞாபகம் வந்தன.

படிப்பில் புலியாக இருந்தும் கிரேஸ் ஒரு தடவை தோற்றிருக்கிறார். பதினாறு வயதில் வாசர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். லத்தீன் தேர்வில் தேறவில்லை. அடுத்த வருடம்தான் இடம் கிடைத்தது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்! 1928-ல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலை, 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். வாசரிலேயே ஆசிரியர் ஆனார். திருமணத்தால் வந்த பெயர்தான் ஹாப்பர். 1945-ல் அந்தத் திருமணம் முறிந்தது. பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனார். வயது கூடிவிட்டது, எடையும் கடற்படை விதித்ததைவிட ஏறத்தாழ 7 கிலோ குறைவு என்று முதலில் மறுத்தார்கள். விடாமல் முயன்று, விலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்றார். 1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் அய்க்கன் அமைத்திருந்த மார்க் 1 என்னும் கணிப்பொறியில் வேலை பார்க்க அனுப்பினார்கள்.

அந்த எந்திரம் எப்படி இருந்தது தெரியுமா? நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். நம் லேபில் நுழையவே நுழையாது. நொடிக்கு மூன்று கூட்டல் போடும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி பிடிக்கும். கட்டளைகளைக் காகித நாடாவில் ஓட்டைகளாகக் குத்திக் கொடுக்க வேண்டும். மனிதர்தான் எந்திரத்தின் பாஷைக்கு இறங்கிப் போக வேண்டும். அந்த எந்திரத்தை இயக்குவது எப்படி என்று ஒரு கையேடு எழுதும்படி ஹாப்பரிடம் சொன்னார்கள். 1946-ல் வெளிவந்த அந்தக் கையேடு ஐந்நூறு பக்கங்களுக்கு மேல். ஒரு விஷயத்தைப் புரியும்படி எழுதுவதும் பொறியாளரின் வேலைதான் என்பதை அங்கேயே அவர் பழகிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிரலில் வரும் பிழைக்கு நாம் பக் என்கிறோம், அதாவது பூச்சி. அந்தச் சொல்லை உருவாக்கியவர் ஹாப்பர்தான் என்று பல வினாடி வினாக்களில் சொல்கிறார்கள். அது சரியல்ல. எடிசன் காலத்திலேயே எந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல் இருந்தது. உண்மையில் நடந்தது வேறு. 1947 செப்டம்பர் 9 அன்று மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் நிஜமாகவே ஒரு விட்டில்பூச்சி சிக்கிச் செத்துக் கிடந்தது. குழுவினர் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதினார்கள். ஹாப்பர் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பினார். அந்தப் பதிவேடு பூச்சியோடு இன்னும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அந்தப் பக்கத்தில் பிழை என்ன, எந்த ரிலேயில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருக்கிறது. அம்மா சொன்ன ஸ்டிக்கர் அதுதானே!

1949-ல் ஹார்வர்டில் அவருக்கு வேலை நீடிக்கவில்லை. அந்த நாட்களில் மனம் உடைந்து மதுப்பழக்கத்தாலும் அவர் துன்பப்பட்டார் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் எல்லாம் பிறக்கும்போதே பெரிய மனிதர்கள் இல்லை. விழுந்து எழுந்தவர்கள்தான்.

அதே வருடம் ஃபிலடெல்ஃபியாவில் எக்கர்ட்-மாக்லி கம்பெனியில் கணித வல்லுநராகச் சேர்ந்தார். அங்கே யூனிவாக் கணிப்பொறி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு அந்தக் கம்பெனி செய்த பைனாக் என்ற எந்திரத்துக்கு எண்களை எட்டின் அடிமானத்தில் தர வேண்டும். ஆக்டல் என்று நாம் செமஸ்டருக்காக மனப்பாடம் செய்வோமே, அதேதான். ஹாப்பர் அதில் ஊறிப்போனார். விளைவு? மூன்று மாதமாக அவருடைய பேங்க் கணக்கு நேராகவில்லை. பேங்க்கில் வேலை பார்த்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். தம்பி உட்கார்ந்து பார்த்தால், அக்கா அங்கங்கே ஆக்டலில் கழித்து வைத்திருக்கிறார்! டாக்டர் பட்டம் வாங்கிய கணித மேதைக்கே இந்தக் கதி. எந்திரத்தின் மொழியில் மனிதன் வாழ முடியாது என்று அவர் உறுதியாக நம்பத் தொடங்கினார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒருமுறை எழுதிச் சரிபார்த்த நிரல் துண்டுகளை எல்லோரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒருவர் நோட்டிலிருந்து ஒருவர் காப்பி அடிப்பார்கள். நாம் அசைன்மென்ட் எழுதுகிற மாதிரிதான். காப்பி அடிக்கும்போது தப்பு வரும். 4 என்பது டெல்டா ஆகிவிடும். ஆங்கில எழுத்து பி, 13 ஆகிவிடும். முகவரிகளை மாற்றிக் கூட்டுவதிலும் பிழை வரும். ஹாப்பர் யோசித்தார். பிழையில்லாமல் காப்பி எடுப்பதும் கூட்டுவதும்தானே இந்த எந்திரத்தின் வேலை? அதை ஏன் மனிதர் செய்ய வேண்டும்?

அப்படிப் பிறந்ததுதான் ஏ-0 கம்பைலர். 1952-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் வாசித்தார். சரிபார்த்த நிரல் துண்டுகள் எல்லாம் ஒரு காந்த நாடாவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண், நம் நூலகத்தில் புத்தகத்துக்கு எண் இருப்பது போல. நமக்கு வேண்டியவற்றின் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். எந்திரமே நாடாவில் தேடி எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, கோர்த்து முழு நிரலாகத் தரும்.

இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாடாவுக்குப் பதில் இன்டர்நெட், எண்ணுக்குப் பதில் பெயர். மற்றபடி என்னை அழவைத்த பேக்கேஜ் மேனேஜருக்கு இது கொள்ளுப்பாட்டி முறை அல்லவா!

கோர்ப்பதில் ஒரு சிக்கல் வந்தது. இன்னும் வந்து சேராத ஒரு பகுதிக்குத் தாவச் சொல்லி நிரலில் கட்டளை இருந்தால், எந்த முகவரியைப் போடுவது? ஹாப்பர் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அன்றைய பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தைத் தட்டிக்கொண்டே வெகுதூரம் ஓட முடியாது. தோழியிடம் பாஸ் கொடுத்துவிட்டு, முன்னால் ஓடிப்போய்த் திரும்ப வாங்க வேண்டும். அதே தந்திரத்தை இங்கே செய்தார். நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, தாவலை முதலில் அந்த மூலைக்கு அனுப்பினார். அந்தப் பகுதி வந்து சேர்ந்தபின் சரியான முகவரியை அந்த மூலையில் எழுதினார். விளையாட்டு பீரியடில் கற்றதும் வீண் போகாது என்று இதனால் தெரிகிறது.

வேலை செய்கிற கம்பைலரைக் கையில் வைத்திருந்தும் யாரும் அவரை நம்பவில்லை. கணக்கு போடுவதுதான் கம்ப்யூட்டரின் வேலை, நிரல் எழுதுவது அதனால் ஆகாது என்றார்கள். அவர் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அடுத்தடுத்து மேம்படுத்தி, ஏ-2 என்ற பதிப்பை 1953-ல் வாடிக்கையாளர்களுக்கே அனுப்பி, நீங்களும் திருத்தித் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்று நாம் சொல்கிற ஓப்பன் சோர்ஸ் பழக்கத்தின் விதை அதில் இருக்கிறது.

இனிமேல்தான் என் மனசுக்குப் பிடித்த கட்டம். கணித வல்லுநர்களுக்குக் குறியீடுகள் பிடிக்கும். ஆனால் சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு பார்க்கிறவர்கள் குறியீட்டைக் கண்டால் ஓடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த சாதாரண ஆங்கில வார்த்தைகளிலேயே கட்டளை தரலாம் என்றார் ஹாப்பர். மேலிடம் மறுத்தது. கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் புரியாதாம். அவர் ஒரு சிறிய மாதிரி நிரலை ஆங்கிலத்தில் ஓட்டிக் காட்டினார். அதோடு விட்டாரா? அதே நிரலின் வார்த்தைகளை மாற்றிப் போட்டு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓட்டிக் காட்டினார். மேலதிகாரிகள் ஆடிப்போனார்கள். அமெரிக்காவில் செய்த எந்திரத்துக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும், அதெல்லாம் கூடாது என்று தடுத்துவிட்டார்களாம். ஆங்கிலம் மட்டும் போதும் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர் அனுமதி பெற வேண்டியிருந்தது.

எந்திரத்துக்கு எந்த மொழியும் தாய்மொழி இல்லை நண்பர்களே! ஆங்கிலமும் அதற்கு அந்நிய மொழிதான். நாம் எந்த வார்த்தையைப் பொருத்துகிறோமோ அதையே அது தூக்கிக்கொண்டு ஓடும். அது திரையில் காட்டுகிற ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியது. எந்திரம் என்னைத் திட்டவில்லை. எழுதியவர் என்னைப் போன்ற ஒருத்தியை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இது புரிந்த அன்று என் பயத்தில் பாதி போய்விட்டது.

அந்த முயற்சி ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழியாக வளர்ந்தது. 1956 இறுதிக்குள் யூனிவாக் சுமார் இருபது ஆங்கிலக் கட்டளைகளைப் புரிந்துகொண்டது. 1959-ல் அரசுத் துறைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவு செய்தபோது, ஃப்ளோ-மேட்டிக்கைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டு பிறந்ததுதான் கோபால். பக்கத்து வீட்டு அண்ணன் பெயர் இல்லை, கம்ப்யூட்டர் மொழியின் பெயர்! அதை ஹாப்பர் தனியாக உருவாக்கவில்லை. பலர் கொண்ட குழு உருவாக்கியது, அவர் ஆலோசகராக இருந்தார். 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே கோபால் நிரல் இரண்டு வேறு கம்பெனிகளின் கணிப்பொறிகளில் ஓடிக் காட்டியது. அதுவரை ஓர் எந்திரத்துக்கு எழுதியது இன்னோர் எந்திரத்துக்கு உதவாது.

1966 இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஆனால் கடற்படைக்குள்ளேயே ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமான கோபால் முளைத்துக் குழப்பம் ஆகிவிட்டது. 1967-ல் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று திரும்ப அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் பத்தொன்பது வருடம் நீண்டது! கோபாலுக்கு ஒரே தரம் ஏற்படுத்துவதும், ஒரு கம்பைலர் உண்மையிலேயே அந்தத் தரப்படி நடக்கிறதா என்று சோதிக்கும் நிரல்களை உருவாக்குவதும் அவர் குழுவின் வேலை.

பதிப்புகள் ஒத்துப்போவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எட்டாம் நம்பர் லாஸ்டுக்கு வெட்டிய அப்பரை ஏழாம் நம்பர் சோலில் ஒட்ட முடியுமா? இரண்டிலும் குறை இல்லை, சேர்க்கையில்தான் குறை. பேக்கேஜ் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

உண்மையைச் சொன்னால், ஹாப்பர் அம்மையார் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. கோபாலிலேயே ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால், அடுத்தடுத்த நல்ல வரிகளில் எல்லாம் பிழை என்று வரிசையாகக் கொட்டும். இன்றைய பேக்கேஜ் மேனேஜர்களை அவர் பார்க்கவில்லை. டெபியன் லினக்ஸ் தொடங்கியதே 1993-ல், அவர் மறைந்த அடுத்த வருடம். கட்டளை கொடுக்கும் மொழி மனிதனை நோக்கி வந்துவிட்டது. பிழை சொல்லும் மொழி இன்னும் பாதி வழியில் நிற்கிறது. அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை ஜூனியர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்று: பொருத்தமான பதிப்பு இல்லை என்று பைத்தானில் வந்தால், பேக்கேஜே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், உங்கள் பைத்தானுக்கு அது ஒத்துப்போகாமல் இருக்கலாம், இன்டர்நெட் இணைப்பே அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே வரிதான் கடைசியில் வரும்!

இரண்டு: உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று லினக்ஸ் சொன்னால் பயப்படாதீர்கள். நீங்கள் எதையும் உடைக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. வேண்டிய துணைப் பேக்கேஜின் பதிப்பு கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வேறு பதிப்பு லினக்ஸின் இறக்குமிடத்தைப் பட்டியலில் கலந்து வைத்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

மூன்று: திரை நிறையச் சிவப்பு எழுத்து ஓடினால் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். தோற்றுவிட்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும். மேலே போய், பிழை என்ற சொல் முதலில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். சி கம்பைலர் இல்லை என்பது போன்ற சின்னக் காரணம் அங்கே ஒளிந்திருக்கும்.

நான்கு: முழுச் செய்தியையும் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு யாரிடமாவது கேளுங்கள். கேட்பது வெட்கம் இல்லை. நான் மூன்று ராத்திரி கேட்காமல் இருந்ததுதான் வெட்கம்.

மீண்டும் அம்மையாரிடம் வருகிறேன். வயதான காலத்தில் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மின்கம்பித் துண்டுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போய் மாணவர்களுக்குக் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. நூறு கோடியில் ஒரு நொடியைக் கண்ணால் பார்க்க முடியாது, கம்பியைக் கையில் பிடித்துப் பார்க்கலாம் அல்லவா! அவர் அறையில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முள் தலைகீழ்த் திசையில் சுற்றும். எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம் என்ற சாக்கு அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பதிலாகத்தான் அந்தக் கடிகாரம். தலைகீழாக ஓடினாலும் மணி சரியாகத்தானே காட்டுகிறது!

1986 ஆகஸ்ட் 14 அன்று, 79-வது வயதில், ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகும் வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1 அன்று, 85 வயதில் காலமானார். 1997-ல் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரோடு கடற்படையில் சேர்ந்தது. 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. அவர் படித்த யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்கு 2017-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் புராஜெக்ட் ஒருவழியாக ஓடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அப்பாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு துண்டுத் தோலைத் தரையில் போட்டுப் படம் எடுத்தார். திரையில் எர்ரர் 2 என்று வந்தது. அப்பா செல்போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, நான் எதையாவது ஒடச்சிட்டேனாம்மா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாகத் தோலின் ஒவ்வொரு தழும்பையும் தடவிச் சொல்கிற கை அது. அந்தக் கையைப் பயப்பட வைத்தது நான் எழுதிய வரி! எர்ரர் 2 என்றால் படம் இருட்டாக இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். மூன்று ராத்திரி அழுத நானே, அடுத்தவரை அழவைக்கும் வரியை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவசரத்தில் நாலு எழுத்து அடித்துவிட்டுப் போய்விட்டேன். எல்லாரும் அப்படித்தான் போயிருப்பார்கள் போல.

அன்று சாயங்காலமே மாற்றினேன். எர்ரர் 2 வந்த இடத்தில், படம் இருட்டாக உள்ளது, ஜன்னல் பக்கம் வைத்துத் திரும்ப எடுக்கவும் என்று தமிழில் வரும். இப்படி மொத்தம் பதினொரு செய்திகள். ஒவ்வொன்றிலும் என்ன தவறு, எங்கே, அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்றும் இருக்கிறதா என்று அம்மாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். இரண்டு செய்திகளை அம்மா புரியவில்லை என்று திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த வார்த்தை புரியவில்லை என்று விரலை வைத்துக் காட்டித்தான் திருப்பினாங்க!

ரிவ்யூவில் வந்த சார்கள் வட்டம் சரியாக விழுகிறதா என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பதினொரு செய்திகளுக்கு மார்க் இல்லை. பரவாயில்லை. அப்பா இப்போது தானாகவே ஜன்னல் பக்கம் போய்ப் படம் எடுக்கிறார்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் நிரல் எழுதப் போகிறோம். அதைப் பயன்படுத்தப் போகிறவர் நம் அப்பா மாதிரி ஒருவராக இருக்கலாம். பிழை வந்தால், அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவோம். கிரேஸ் ஹாப்பர் அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவாக இருக்கட்டும்.



— மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை